சாதாரண பார்ட்டிஷனா, எல்விஎம்மா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை வைத்திருக்கும் நண்பர், 500 ஜிபி டிஸ்க்கில் டெபியன் லினக்ஸை நிறுவும்போது பிரிவினைத் திரையில் நின்றுவிட்டார். ‘எதைப் போடட்டும்ணா?’ என்று போன் வந்தது. டிஸ்க்கை நிலையான துண்டுகளாக வெட்டுவது சாதாரண பார்ட்டிஷன்; இடத்தை ஒரே தொகுப்பாக்கி, வேண்டியபோது பங்குபோட்டுக் கொள்வது எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்).

நிறுவும் வேலை
சாதாரணம்: ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்), ஹோம் (நம் ஃபைல்கள்), ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) என்று வெட்டினால் முடிந்தது.
எல்விஎம்: முதலில் டிஸ்க் பகுதி, அதன்மேல் வால்யூம் குரூப் (அந்தப் பொதுத் தொகுப்பு), அதற்குள் லாஜிக்கல் வால்யூம் (ரூட், ஹோம் போன்ற பங்குகள்). கணினியைத் தொடங்கிவைக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மட்டும் வெளியே, ஃபேட்32 ஃபைல் சிஸ்டமாக இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் இருக்கும் ‘/boot’ பகுதியையும் வெளியே வைப்பது என் பழக்கம்.

இடம் போதாவிட்டால்
சாதாரணம்: ரூட்டுக்கு 20 ஜிபி போதும் என்று ஒருமுறை கஞ்சத்தனம் செய்தேன். அது நிரம்பியபோது லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, பக்கத்திலிருந்த ஹோமை நகர்த்தியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.
எல்விஎம்: எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளையோடு ‘-r’ சேர்த்தால், கணினி ஓடும்போதே ரூட்டும் அதன் ஃபைல் சிஸ்டமும் வளரும். ஆனால் குரூப்பில் இடம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் ஹோமுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க, அதை அன்மவுண்ட் செய்தாக (பயன்பாட்டிலிருந்து கழற்றியாக) வேண்டும்.

டிஸ்க் பழுதானால்
இரண்டிலும் பேக்கப்தான் கதி. எல்விஎம்மில் இரண்டு டிஸ்க்கை ஒரே வால்யூமாக நீட்டியிருந்தால், ஒன்று போனாலும் அந்த வால்யூமே போச்சு.

ஏற்காட்டில் விடுதி வரவேற்பு மேசையில் பில் மட்டும் போடும் பழைய லேப்டாப்புக்குச் சாதாரணமே சரி. டிசைன் படங்கள் மாதாமாதம் குவியும் கொலுசுக் கடைக்கு எல்விஎம்: ரூட்டுக்கு 40 ஜிபி, ஹோமுக்கு 200 ஜிபி, மிச்சம் காலியாக இருக்கட்டும் என்றேன்.