முதல் பவளம்: காளானா, ஹாமரா?

புதிய கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி, பழுப்புப் பாசி ஒரு சுற்று வந்து அடங்கியதும் கை பரபரக்கத் தொடங்கும். முதல் பவளமாக எதை வைப்பது? நான் ஒரே வாரத்தில் இரண்டு வகையையும் வைத்தேன். 80 லிட்டர் தொட்டியின் இடப்பக்கம் மூன்று காளான் பவளங்கள், வலப்பக்கம் நான்கு தலைகள் கொண்ட ஒரு ஹாமர் பவளம். நீரும் விளக்கும் இரண்டுக்கும் பொது. ஒன்றரை வருடத்தில் காளான்கள் பதினெட்டாகப் பெருகின. ஹாமரில் ஒரு தலைதான் மிஞ்சியது. ஆகவே என் சாய்வு வெளிப்படையானது: முதல் பவளம் காளானைப் போலக் கல் கூடு கட்டாத மென்பவளமாகவே இருக்கட்டும்.

அழகில் ஹாமர்தான் முந்தும். நுனியில் சுத்தியல் தலை போல வளைந்த அதன் உணர்கொம்புகள் நீரோட்டத்தில் ஆடும்போது தொட்டி முழுவதும் உயிர் பெற்றதுபோல் இருக்கும். காளான் பாறையோடு ஒட்டிய ஒரு வட்டத் தட்டு, ஆடாது, அசையாது. வெளிச்சம், நீரோட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காளானுக்கு இரண்டும் குறைவாகப் போதும், ஹாமருக்கு மிதமாக வேண்டும். உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி என்பது இரண்டுக்கும் ஒத்துவரும்.

முடிவைத் தீர்மானிப்பது எலும்புக்கூடு. காளான் பவளத்துக்கு அது அறவே கிடையாது. ஹாமரோ ஒவ்வொரு நாளும் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் கல்லைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அது எடுப்பதை நாம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு எடுக்கிறது என்பதைக் காட்டுவது காரத்தன்மை. அதன் அலகு டிகேஎச். தொட்டியில் 8 முதல் 9 வரை வைத்துக்கொள்வது வழக்கம். காரத்தன்மை ஒரு டிகேஎச் குறையும்போது கால்சியம் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஏழு பங்கு) அளவுக்குத்தான் குறையும். 420 இருக்கும் இடத்தில் 7 குறைவதைச் சாதாரணச் சோதனைப் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது. நான் கால்சியத்தை மட்டும் அளந்து, அது மாறவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரங்களுக்குப் பிறகு காரத்தன்மையை அளந்தபோது 8.5 இருந்த இடத்தில் 6.7 இருந்தது.

வாரந்தோறும் பத்து சதவீத நீர் மாற்றுகிறோமே, அது ஈடுகட்டாதா என்று கேட்கலாம். தொட்டி 7-க்கு இறங்கியிருக்கிறது, புதிதாகக் கலந்த உப்புநீர் 8.5 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஏறுவது 0.15 மட்டுமே. வளரும் ஹாமர் ஓரிரு நாளில் அதைத் தின்றுவிடும். பதற்றத்தில் நான் காரத்தன்மையை ஏற்றும் பொடியை மொத்தமாகக் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலையில் 9.5. பவளத்துக்குக் குறைந்த அளவைவிட இந்தத் திடீர் ஏற்றம்தான் கொடியது. நான்காம் நாள் ஒரு தலையில் சதை ஓரத்திலிருந்து விலகி, வட்டமாக அடுக்கிய வெண்ணிறக் கல்தகடுகள் வெளியே தெரிந்தன. அடுத்தடுத்து இன்னும் இரண்டு தலைகள் போயின. இடப்பக்கக் காளான்கள் இரண்டு நாள் சுருங்கிக் கிடந்துவிட்டு மீண்டும் விரிந்துகொண்டன.

மென்பவளங்களிலும் எல்லாம் ஒன்றல்ல. தோல் பவளத்தை நான் மனமாரச் சிபாரிசு செய்வேன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. அது சில நாட்கள் மூடிக்கொண்டு, மெழுகு பூசியதுபோல் பளபளக்கும்; செத்துவிட்டது என்றே தோன்றும். என்னுடையது பதினொரு நாள் அப்படி நின்று, ஒரு மெல்லிய தோலை உரித்துவிட்டு, முன்பைவிட அகலமாக விரிந்தது. அந்த நாட்களில் அதை எடுத்து இடம் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அது நீரில் விடும் வேதிப்பொருட்கள் மற்ற பவளங்களை வருத்தும் என்பதால் வடிகட்டியில் செயலூட்டிய கரி இருப்பது நல்லது. பச்சை நட்சத்திரப் பவளமும் ஜீனியா என்ற மென்பவளமும் எளிதாக வளரும். ஆனால் முதன்மைப் பாறையில் ஏறிவிட்டால் பிறகு இறக்க முடியாது, தனிக் கல்லில் வையுங்கள். ஜோவாந்திட் என்ற பவள உறவு வகைகளில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டவை. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டக் கூடாது; அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. டார்ச் பவளம் நான் வளர்த்ததில்லை. அதுவும் ஹாமரின் உறவுதான் என்பதால் இதே கணக்கு பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

துணை மீன்களில் போட்டி கோமாளி மீனுக்கும் டாம்செலுக்கும். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுக்கொன்று சளைக்காத உறுதி. வேறுபாடு குணத்தில். பல டாம்செல்கள் வளர வளரத் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வருபவரை விரட்டும். ஒன்றைப் பிடித்து வெளியேற்ற, பவளம் ஒட்டியிருந்த பாறைகளையெல்லாம் நான் தூக்க வேண்டியிருந்தது. தொட்டியிலேயே பிறந்த இரண்டு சிறு ஓசெல்லாரிஸ் கோமாளிகளை ஒன்றாக விடுங்கள். பெரிதாக வளர்வது பெண்ணாகிவிடும். கோமாளிகள் கடலில் தங்கும் கொட்டும் உயிரியான கடற்சாமந்தி இல்லாமலே அவை நன்றாக வாழும். அவற்றுக்காகச் சாமந்தி வாங்கத் தோன்றினால் தொட்டிக்கு ஒரு வயதாகும் வரை பொறுத்திருங்கள். அது இடம் விட்டு இடம் நகர்ந்து, வழியில் உள்ள பவளங்களைக் கொட்டும், பம்பிலும் சிக்கும். என் கோமாளிகள் தோல் பவளத்தின் மடிப்பில்தான் உறங்குகின்றன.

பாசி தின்ன ட்ரோகஸ் நத்தைகளே போதும். கவிழ்ந்தாலும் தாமே நிமிர்ந்துகொள்ளும். துறவி நண்டுகள் கூடுக்காக அந்த நத்தைகளையே கொல்லும், ஆகவே நான் விடுவதில்லை. கிளீனர் இறால் பார்க்க அருமை. ஆனால் ஹாமருக்கு உணவு கொடுத்தால், அது வாய்க்குள் இழுப்பதற்குள் இறால் வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். காளான் அப்படி ஊட்டலை எதிர்பார்ப்பதே இல்லை. அதன் உணவின் பெரும்பகுதியைச் சதைக்குள் வாழும் நுண்பாசியே வெளிச்சத்தில் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது.

ஹாமர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம், வாரம் இருமுறை காரத்தன்மையை அளந்து எழுதிவைத்து, எண்கள் அரை டிகேஎச்சுக்கு மேல் ஆடவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். இரவில் அது நீளக் கொட்டும் இழைகளை வீசும். அதனால் காளான்களிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.