லாகோஸ் ப்ளூ லைன்: ஃபெஸ்டாக்கிலிருந்து பிராட் தெரு வரை

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், மரீனா நிலையத்தை விட்டு ப்ளூ லைன் மெட்ரோ ரயில் நகர்ந்ததுமே கீழே தண்ணீர் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் ஈகோ பாலத்தில் முட்டி மோதி நிற்கும் மஞ்சள் டான்ஃபோ வேன்கள். மறுபக்கம் அப்பாப்பா துறைமுகத்தின் கிரேன்கள். ஆறு ஆண்டுகள் அந்தப் பாலத்தின் மேல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். முதல்முறை ரயிலிலிருந்து அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

வீடு ஃபெஸ்டாக்கில், கணக்கர் வேலை லாகோஸ் தீவில், பிராட் தெருவில். ரயில் வருவதற்கு முன் காலை நான்கே முக்காலுக்குப் புறப்பட்டால் ஆறரைக்குள் தீவுக்குப் போய்விடலாம். ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால் எட்டு மணியும் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். இங்கே நெரிசலுக்குப் பெயர் 'கோ ஸ்லோ'. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று எங்கள் பக்கத்து மைல் டூ சந்திப்பில் குறுக்கே நின்றுவிட்டால் அன்றைய பொழுது போயிற்று.

ப்ளூ லைன் 2023 செப்டம்பர் 4 அன்று பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மரீனாவிலிருந்து மைல் டூ வரை 13 கிலோமீட்டர், ஐந்து நிலையங்கள். எனக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது. வேகத்தைவிட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று: "ஏழரைக்கு வந்துவிடுகிறேன்" என்று அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

அடுத்த நிம்மதி சில்லறை. டான்ஃபோவில் ஏறும்போதே "சில்லறையோடு ஏறுங்கள்" என்று நடத்துனர் கத்துவார். அவரிடம் சில்லறை இல்லையென்றால் இரண்டு பயணிகளைச் சேர்த்துவிடுவார். ஒருநாள் எனக்கு 300 நைரா, பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு 200 நைரா பாக்கி. ஒரே 500 நைரா நோட்டை என் கையில் திணித்து, "ஓகா, நீங்களும் மம்மியும் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தட்டினார். வண்டி போய்விட்டது. முன்பின் அறியாத நாங்கள் இருவரும் நடைபாதையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் அந்த அம்மா இரண்டு பை தண்ணீர் வாங்கி நோட்டை மாற்றினார். ஒரு பையை என்னிடமே கொடுத்தார். பதினைந்து நிமிடம் போயிற்று. அவருக்குக் காய்கறிச் சந்தையில் முதல் வியாபாரம் போயிருக்கும்.

ரயிலில் காசுக்கே இடமில்லை. கௌரி அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு வாயிலில் தொட்டால் கதவு திறக்கும். கௌரி என்றால் சோழி. மாலத்தீவுச் சோழிகள் கடல் கடந்து வந்து இந்த நாட்டில் ஒரு காலத்தில் நாணயமாகப் புழங்கியவை. அந்தப் பெயரை வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

முழுத் தூரத்துக்குத் தொடக்கத்தில் அறிவித்த கட்டணம் 750 நைரா. அதே ஆண்டு மே மாத இறுதியில் பெட்ரோல் மானியம் நின்று, லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த விலை சில நாட்களில் 500-ஐ ஒட்டிப் போனது. டான்ஃபோ கட்டணமும் அதோடு ஏறியது. மின்சாரத்தில் ஓடும் ரயில் அந்த நேரத்தில் வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இந்த ரயில் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். என் அலுவலகத்தில் ஓய்வுபெறும் வயதில் இருக்கும் காசாளர், ஆளுநர் லத்தீஃப் ஜகாண்டே 1983-இல் மெட்ரோ வேலையைத் தொடங்கியபோது இளைஞர். 1985-இல் புஹாரியின் ராணுவ ஆட்சி அதை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் ப்ளூ லைனைத் தொடங்கி வைத்தவரும் அதே புஹாரி, அப்போது மக்கள் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவராக. "என் உத்தியோக காலம் முழுவதையும் சாலையில் கழித்துவிட்டேன்" என்று காசாளர் என்னிடம் சொன்னார். ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரில் எத்தனை பேருடைய ஆயுள் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

யாருக்குப் பயன்படும், யாருக்குப் படாது? அலுவலகம் தீவில், மரீனாவிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தால் யோசிக்காமல் ஏறுங்கள். விக்டோரியா தீவு, லெக்கி பக்கம் போகிறவர்களுக்கு மரீனாவோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது; அங்கிருந்து மறுபடியும் சாலைதான். அகெகே, இகேஜா பக்கத்தவர்களுக்கு 2024 அக்டோபரில் ரெட் லைன் ஓடத் தொடங்கியிருக்கிறது. அது வேறு பாதை, நான் இன்னும் ஏறவில்லை.

என் சிக்கல் மைல் டூவில் இறங்கிய பிறகு. வீட்டுக்கு மூன்று சக்கரக் கேகே பிடிக்க வேண்டும். மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. கேகேக்காரர் கேட்பதே விலை. மழை நாளில் இருபது நிமிடம் ரயிலில் வந்துவிட்டு, வீட்டுக்குப் போக நாற்பது நிமிடம் நின்றிருக்கிறேன். அதனால் சட்டைப்பையில் கௌரி அட்டையும், கால்சட்டைப்பையில் கேகேவுக்கான சில்லறை நோட்டுகளுமாகத்தான் புறப்படுகிறேன்.

பாதையை ஓகோகோமைகோ வரை, மொத்தம் 27 கிலோமீட்டருக்கு நீட்டுவது இரண்டாம் கட்டம். மைல் டூவுக்கு அடுத்து வரவிருக்கும் நிலையம் ஃபெஸ்டாக். மாலையில் இறங்கியதும் நடைமேடையின் கோடிவரை போய், தண்டவாளம் எங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.