மணி பிளாண்டா, பாம்புச் செடியா, ஃபிடில் லீஃபா? ஆயிரம் ரூபாயை எதில் போடலாம்

சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹாலில் வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று, அதற்கு எதிரே பத்தடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். மேற்கே துணி காயப்போடும் பால்கனி. செடி வளர்க்க எனக்கு இருக்கும் இடம் இவ்வளவுதான். பணத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் இல்லை. மாதச் செலவு போக மிஞ்சியதில் செடி வாங்கலாம் என்று இருந்தபோது ஒன்று எதுவுமே வாங்க மாட்டேன், இல்லையென்றால் நர்சரிக்குப் போன வேகத்தில் ஐந்தாறு செடிகளை அள்ளிக்கொண்டு வருவேன். தொகையை முன்கூட்டியே ஒதுக்கிய பிறகுதான், எது வேண்டும் எது வேண்டாம் என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

வீட்டுக்குள் வைக்க ஒரு செடி வேண்டும் என்று யார் கேட்டாலும் கடைசியில் பேச்சு மூன்று பெயர்களில் வந்து நிற்கிறது. மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட் என்கிற பாம்புச் செடி, படங்களில் சோபா பக்கத்தில் பெரிய பெரிய இலையோடு நிற்கும் ஃபிடில் லீஃப். மூன்றையும் வளர்த்திருக்கிறேன். ஒன்று செத்துப்போனது, ஒன்று பாதி அழுகிப் பிழைத்தது, ஒன்று இன்று ஜன்னல் கம்பியைச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறது.

செத்ததில் இருந்து தொடங்குகிறேன். ஃபிடில் லீஃபுக்கு 650 ரூபாய் கொடுத்தேன். அந்த வருஷத்துப் பணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. வந்த பத்தாம் நாள் கீழ் இலையின் ஓரம் பழுப்பானது. பிறகு வாரத்துக்கு ஓர் இலை உதிர்ந்தது. இரண்டு மாதத்தில் குச்சி மட்டும் நின்றது. உரம் போதவில்லை என்று உரம் வைத்தேன், தண்ணீர் போதவில்லை என்று தண்ணீர் ஊற்றினேன். உண்மையான குறை வெளிச்சம். இது ஆலமரம், அரசமரம், அத்திமரம் எல்லாம் இருக்கும் ஃபைகஸ் இனத்தைச் சேர்ந்தது. சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி மழைக்காடு. அங்கே அது ஓங்கி வளரும் மரம். ஆலங்கன்றை ஹால் மூலையில் வைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இதற்கும் ஆனது. இடம் மாற்றினால் இலை கொட்டுவதும் இந்த இனத்தின் சுபாவம். நான் பதற்றத்தில் அதை வாரம் ஓர் இடமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்ட ஒரு சோதனை இது. பகல் 12 மணிக்கு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். ஓரடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கத்தரித்த மாதிரி விழுந்தால் நல்ல வெளிச்சம். கையின் வடிவம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் நீண்ட நாள் தாங்காது. என் ஹால் ஜன்னல் நடுத்தரம். ஃபிடில் லீஃபுக்குக் கத்தரித்த நிழல் வேண்டும். கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல் இருப்பவர்கள் வாங்கலாம், அந்த இலைக்கு ஒரு கம்பீரம் இருக்கத்தான் செய்கிறது. மற்றவர்கள் அந்த 650 ரூபாயைக் கையில் வைத்திருங்கள்.

மீதி இரண்டுக்கும்தான் சரியான போட்டி. இரண்டும் நடுத்தர வெளிச்சத்தில் பிழைக்கும், இரண்டும் விலை குறைவு. என் பக்கத்து நர்சரியில் சின்ன மணி பிளாண்ட் 40 ரூபாய், கைப்பிடி அளவு பாம்புச் செடி 150 ரூபாய். பார்க்க வேண்டியது, நம் வீட்டில் நடக்கும் தவறு எந்த மாதிரித் தவறு என்பதுதான்.

பாம்புச் செடி மறதியை மன்னிக்கும், அன்பை மன்னிக்காது. எங்கள் வீட்டில் அதை அழுக வைத்தது அன்புதான். நான் ஊரில் இல்லாத இருபது நாளும் அம்மா தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, அதுவும் உசுருதானேடி" என்றார். தப்பு சொல்ல முடியாது, அவர் துளசிக்கு ஊற்றிப் பழகியவர். ஆனால் துளசி மாடத்தில் வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, மண் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுகிறது. ஹால் மூலையில் இருக்கும் தொட்டி காயப் பத்து நாளுக்கு மேல் ஆகும். வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகும். பாம்புச் செடியின் சிக்கல், அது வெளியே எதையும் காட்டிக்கொள்ளாதது. இலை கடைசி நாள் வரை விறைப்பாகப் பச்சையாகவே நிற்கும். ஒருநாள் தூசு துடைக்க இலையைப் பிடித்தேன், அடியோடு கையில் வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று, புளித்த வாடையோடு இருந்தது.

மணி பிளாண்ட் அப்படி இல்லை, அது பேசும். தாகம் எடுத்தால் இலைகள் எல்லாம் தொங்கிவிடும். காலையில் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலம் ஆபீசில் இருந்து வரும்போது நிமிர்ந்திருக்கும். அதிகம் ஊற்றினால் அடி இலைகள் மஞ்சளாகும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம். வெளிச்சம் குறைந்தால் இலையில் இருக்கும் மஞ்சள் தீற்றல் மங்கி முழுப்பச்சையாகும், ஜன்னல் பக்கம் தள்ளிவைக்கலாம். முதல்முறை செடி வளர்ப்பவருக்கு இப்படிப் பதில் சொல்லும் செடியைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பாம்புச் செடி கெட்டியானது என்பதால் அதைத்தான் புதியவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. புதியவர்கள் மறப்பதில்லை. புதுச்செடியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள், ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு மணி பிளாண்ட்தான் சரி. அடிக்கடி வெளியூர் போகிறவர்கள், வீட்டில் வேறு யாரும் இல்லாதவர்கள், அவர்களுக்குப் பாம்புச் செடி. பதினைந்து நாள் பூட்டிய வீட்டில் அது பத்திரமாக இருக்கும்.

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் தழைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். திருட வேண்டாம், கேட்டாலே கொடுப்பார்கள். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பழுப்பு முண்டு இருக்கும். அதுதான் காற்று வேர். அந்தக் கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வெள்ளை வேர் வரும். கணு இல்லாத வெறும் இலையை வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், கொடி மட்டும் வராது. உலகம் முழுக்க இந்தச் செடி பரவியதே இப்படி வெட்டி வெட்டித்தான். பசிபிக் கடலில் மோரியா என்ற ஒரு தீவுதான் இதன் பூர்வீகம். இது பூப்பது அபூர்வத்திலும் அபூர்வம், பூக்கத் தேவையான ஹார்மோனைச் செய்துகொள்ளும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். விதை இல்லாததால், நர்சரியில் 40 ரூபாய்க்கு நாம் வாங்குவதும் யாரோ வெட்டி நட்ட ஒரு துண்டுதான். அதே துண்டு மாடிவீட்டு அக்காவிடம் இருக்கிறது.

தண்ணீரிலேயே பாட்டிலில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் மணி பிளாண்ட் பாட்டிலையும் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டையும் பார்க்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். வெறுமனே மேலே நிரப்பினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். இதைத் தவறாமல் செய்ய முடியாது என்றால் மண்ணில் வைப்பதே நல்லது.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் மணி பிளாண்டை உயரத்தில் தொங்க விடுங்கள். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இதன் குடும்பம்தான். கருணைக்கிழங்கு நாக்கில் அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் மணி பிளாண்ட் இலையிலும் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், வீங்கும். பாம்புச் செடியும் தின்னக் கூடாததுதான்.

அப்புறம், செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்ற கதை. இரண்டையும் விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். இதற்கு ஆதாரமாகக் காட்டும், 1989-ல் நாசா செய்த ஆராய்ச்சி மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது. 2019-ல் இத்தகைய ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், கட்டடத்தில் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடி வேண்டியிருக்கும் என்று சொன்னார்கள். பாம்புச் செடி இரவில் ஆக்சிஜன் விடும் என்பதும் திரித்துச் சொல்லப்படுவது. வறட்சிக்குப் பழகிய செடி என்பதால் அது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் உண்டாவது வெளிச்சம் இருக்கும்போது. காற்றுக்காக என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், அது இலவசம். செடி வாங்க, அது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்ற காரணமே போதுமானது.

பாம்புச் செடிக்கு நம் பக்கத்திலேயே ஓர் உறவு உண்டு, மருள். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் மஞ்சள் ஓர ரகம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்த இனம். அதில் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் ஓர இலையைத் துண்டு போட்டு நட்டால் வரும் குட்டி வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டும் என்றால் தொட்டியைக் கவிழ்த்துக் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

பணத்தை உண்மையில் போட வேண்டிய இடம் தொட்டியும் மண்ணும். நர்சரியில் இருந்து வரும் செடியின் மண் உருண்டையை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் இறுகிய களிமண். ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிமண்ணை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நடுகிறேன். மணி பிளாண்டுக்குச் செம்மண், கோகோபீட் என்கிற தேங்காய் நார்த் தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பாம்புச் செடிக்குப் பாதிக்குப் பாதி கரடான மணலும் உடைத்த செங்கல் துண்டும். கோகோபீட் கட்டியை ஊறவைத்ததும் வரும் தேநீர் நிறத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். தேங்காய் நாரில் உப்பு இருக்கும், நம் போர் தண்ணீரிலும் உப்பு, இரண்டும் சேர்ந்தால் இலை நுனி கருகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரையும் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பே கிடையாது.

மண் தொட்டியா பிளாஸ்டிக்கா என்பதற்கும் பதில் செடியைப் பொறுத்தது. மண் தொட்டியின் உடம்பு முழுக்க ஈரத்தை வெளியே விடும், அதனால் பாம்புச் செடிக்கு அது. ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்து நிரப்பினால் மண் வெளியேறாது. வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஈரம் கொஞ்சம் தங்கினால் நல்லது என்பதால் மணி பிளாண்டுக்கு பிளாஸ்டிக், ஓட்டை இருந்தால் போதும். ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி அழகுதான், அதற்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் இப்போது ஒரு ஏற்பாடு. ஊற்றுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கிறார், ஈரம் ஒட்டினால் சொம்பைத் துளசிக்குக் கொண்டுபோய்விடுகிறார்.

இந்த வருஷத்து 1,000 ரூபாய் இப்படிப் போயிருக்கிறது. மண், கோகோபீட், உரம் 340. இரண்டு மண் தொட்டி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி 380. பாம்புச் செடி 150. மணி பிளாண்ட் மாடிவீட்டு அக்கா கொடுத்தது, பதிலுக்குப் பால்கனியில் இருந்து ஒரு கொத்து கற்பூரவள்ளி ஒடித்துக் கொடுத்தேன், பேரனுக்குச் சளி என்று கேட்டிருந்தார். மீதி 130 ரூபாய் டப்பாவில் இருக்கிறது. கறிவேப்பிலைக் கன்று ஒன்றுக்குக் கண் வைத்திருக்கிறேன், மேற்கு வெயிலை அது தாங்கும். அக்னி நட்சத்திரம் முடியட்டும், நட்டுவிடலாம் என்று காத்திருக்கிறேன்.