பில் இல்லாமல் விற்கப்படும் ‘ரீஃபர்பிஷ்டு’ காபி இயந்திரங்கள்: வாங்குமுன் படியுங்கள்

திருநெல்வேலியிலும் தென்காசியிலும் வீட்டு உபயோக எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சிலர் வாட்ஸாப் குழுக்களில் தொடர்ந்து விளம்பரம் செய்துவருகிறார்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு கடையில், புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும் இத்தாலியத் தயாரிப்பு ஒன்றை, கம்பெனியிலேயே ரீஃபர்பிஷ் செய்யப்பட்டது, அதாவது பழுதுநீக்கிப் புதுப்பிக்கப்பட்டது என்றும் ஆறு மாத வாரண்டி உண்டு என்றும் கடைக்காரர் அளித்த உறுதியின் பேரில், 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

பில் கேட்டபோது, “பில் போட்டா வரி கூடும் அண்ணாச்சி, நம்ம கடை எங்க போயிரப் போவுது” என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற முத்திரையும் அதில் இருந்தது. நான் விடாமல் வற்புறுத்திய பிறகே வாரண்டிக் காலத்தை வாட்ஸாப் செய்தியாக அனுப்பினார். இன்று என் கையில் உள்ள வலுவான ஆதாரங்கள் அந்தச் செய்தியும் யுபிஐ ரசீதும்தான்.

இரண்டாவது வாரத்திலேயே, காபித்தூள் இட்ட கைப்பிடியைப் பூட்டும் இடத்திலிருந்து வெந்நீர் ஒழுகத் தொடங்கியது. நீராவிக் குழாய் சீறியதே தவிர, பால் சூடாகவில்லை. கடையில் கேட்டதற்கு, எங்கள் வீட்டு உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள். எங்கள் தெருவுக்கு வருவது தாமிரபரணிக் குடிநீர். கடைக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டு, உணவகங்களின் காபி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பாளையங்கோட்டை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அதைத் திறந்து, முழுவதையும் வீடியோ எடுத்தோம். வெளிக்கூடு மட்டும் பாலிஷ் போடப்பட்டிருந்தது. பாய்லருக்குள் பல ஆண்டுச் சுண்ணாம்புப் படிவு கெட்டியாக ஒட்டியிருந்தது. ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. மின்கம்பி இணைப்பின் மேல் தண்ணீர் சொட்டிய கறை தெரிந்தது. 230 வோல்ட் மின்சாரமும் ஒழுகும் வெந்நீரும் ஒன்றாக இருக்கும் பொருளை, குழந்தைகளும் முதியவர்களும் புழங்கும் சமையலறைக்குத் தெரிந்தே விற்பதை வியாபாரம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் மையம் வரிசை எண்ணைக் கேட்டது. இயந்திரத்தின் அடியில் அது சுரண்டப்பட்டிருந்தது.

பழைய பொருளைப் பழையது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. உள்ளே படிவை நீக்கி, ரப்பர் வளையங்களை மாற்றி, பம்பின் அழுத்தத்தையும் மின்கசிவையும் சோதித்து, அதை எழுதித் தருபவரிடம் நானும் மகிழ்ச்சியோடு வாங்குவேன். அட்டைப்பெட்டியில் ‘15 பார்’ என்று போட்டிருப்பது பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம் மட்டுமே. எஸ்பிரெஸ்ஸோ இறங்குவதற்குச் சுமார் 9 பார் அழுத்தம் போதும் என்பதால், அந்த எண்ணைக் கொண்டு இயந்திரத்தின் நிலையை அறிய முடியாது. பணம் கொடுக்குமுன் கடையிலேயே தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, நீராவியை ஒரு நிமிடமாவது திறந்து வைத்து, கவிழ்த்து வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் முத்திரை குத்திவிட்டதாலேயே நம் உரிமை போய்விடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையும், பழைய பொருளைப் புதியதுபோல் காட்டுவதையும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. இணையத்தில் வாங்கியவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். விற்றவர் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். குற்றாலச் சீசனை நம்பிச் சிறிய காபிக் கடை போடும் இளைஞர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: வணிகத்துக்காக வாங்குபவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார் என்றாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்குச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.

நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். அவர்கள் விற்பனையாளரிடம் பேசிச் சமரசத்துக்கு முயல்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கடை பதில் தராததால், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு, மாவட்ட ஆணையத்தில் மனு தாக்கல் செய்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. குறையை உறுதிசெய்ய ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஆணையமே அதற்கு அனுப்பும் என்பதால், பழுதான இயந்திரத்தையும் கழற்றிய பாகங்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். இதே கடையில் ஏமாந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.