டெக்சஸில் தேனீ வளர்ப்புக்குச் சொத்து வரிச் சலுகை: சில ஆண்டு அனுபவம்

ஆஸ்டினுக்கு வெளியே ஆறு ஏக்கர் நிலம் பார்த்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தேனீப் பெட்டி வைத்தால் வரி குறையுமாமே என்று கேட்டார். குறையும், அதுவும் நன்றாகவே குறையும். 2011-இல் டெக்சஸ் சட்டமன்றம் செய்த திருத்தத்தின்படி, 5 ஏக்கருக்குக் குறையாமலும் 20 ஏக்கருக்கு மிகாமலும் உள்ள நிலத்தில் தேனீ வளர்ப்பது விவசாயப் பயன்பாடாகும். ஆகவே சந்தை விலையை விட்டுவிட்டு, விவசாயத்தில் அந்த நிலம் ஈட்டக்கூடிய வருவாயைக் கொண்டே வரி கணக்கிடுகிறார்கள். ஆண்டு இறுதியில் வரும் வரிச் சீட்டைப் பார்த்து நான் முகம் சுளித்ததே இல்லை.

என் எரிச்சல் எல்லாம் பெட்டிகளை எண்ணுவதில்தான் இருக்கிறது. எத்தனை பெட்டி வேண்டும் என்பதை அந்தந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) மதிப்பீட்டு அலுவலகம் முடிவு செய்கிறது. முதல் 5 ஏக்கருக்கு 6 பெட்டி, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 ஏக்கருக்கும் ஒன்று என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். பெட்டிக்குள் உயிர் இருக்கிறதா என்பதை வேலிக்கு அப்பால் நின்று எண்ணுகிறவர் எப்படி அறிவார்? அரைக் கோப்பைத் தேனீக்களைப் புட்டியில் அள்ளி, பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கி, வலைமூடி வழியாக வெள்ளைத் தட்டில் உதிரும் செம்பழுப்பு வரோவா உண்ணிகளை (தேனீயைத் தாக்கும் ஒட்டுண்ணிகள்) எண்ணினால்தான் ஒரு தேனீக் குடும்பத்தின் நிலை தெரியும். குளிர்காலத்தில் அந்த உண்ணியால் ஒரு குடும்பம் அழிந்ததும், நோய் பரவிவிடக் கூடாது என்று பெட்டியை அகற்றி, தேனடைச் சட்டங்களைச் சுத்தம் செய்ய எடுத்துச் சென்றேன். எண்ணிக்கை குறைகிறது, விளக்கம் தருக என்று கடிதம் வந்துவிட்டது. செத்த பெட்டியை அங்கேயே விட்டுவைத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அலுவலகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. வரி குறைய வேண்டும் என்பதற்காகவே பெட்டிகளை வாடகைக்கு எடுத்து மூலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராதவர்கள் இருக்கிறார்கள். எதையாவது எண்ணித்தானே ஆக வேண்டும்? மெஸ்கீட் மரம் பூக்கும் பருவத்தில் எடுத்த வெளிர்நிறத் தேனைச் சுவைக்கும்போது இந்தக் கோபம் பாதி தணிந்தும் விடுகிறது.

நண்பர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வீடு கட்டும் இடத்தை, பெரும்பாலும் ஒரு ஏக்கரை, கழித்துவிடுவார்கள். அவருடைய ஆறு ஏக்கர் மயிரிழையில் தப்பும். முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டாவது அந்த நிலம் விவசாயத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய நிபந்தனை. வைக்கோலுக்கோ மாட்டுக்கோ முன்பே சலுகை பெற்ற நிலம் என்றால் தேனீக்கு மாறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சலுகை கிடைக்கும் வரை பெட்டிகளையும் பராமரித்துக்கொண்டு முழு வரியையும் கட்ட வேண்டியிருக்கும். பிற்பாடு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், கடந்த 3 ஆண்டுகளுக்கான வித்தியாசத் தொகையையும் கேட்பார்கள்.

இவ்வளவு லாபம் தந்த ஏற்பாட்டை நான் கைவிடப் போவதில்லை. ஆனாலும் அவருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் வந்த வாரத்தில் கேட்டிருக்கிறார்.