ஹைட்ராஞ்சியாவா, காகிதப்பூவா? கடலோர வீட்டுக்கு ஓர் அலசல்

ஊட்டி, கொடைக்கானல் போய் வந்தவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை: வாசலில் இளஞ்சிவப்பு ஹைட்ராஞ்சியா. பந்து பந்தாகப் பூத்து நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துத்தான் போகும். 'எதையும் தாங்கும் ரகம்' என்று சொல்லி இணையத்திலும் விற்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர் அதை நம்பி வாங்கலாமா, அதே நிறத்துக்கு வேறு எதை வைக்கலாம்? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் நட ஹைட்ராஞ்சியா வேண்டாம். அந்த இடம் காகிதப்பூவுக்கு. ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நிறத்தைப் பொறுத்தவரை நம் மண் ஹைட்ராஞ்சியாவுக்குக் கச்சிதம். மலைப் பகுதிகளில் இந்தப் பூ பெரும்பாலும் நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், அது பூவை நீலமாக்கும். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு என்பது பொதுவான கணக்கு. வெள்ளை ரகங்கள் மட்டும் இதற்கு அசைந்து கொடுக்காது. இளஞ்சிவப்பு வேண்டும் என்று மற்ற ஊர்களில் மண்ணில் சுண்ணாம்பு கலக்கிறார்கள். நம் கடற்கரை மணலில் சிப்பியும் பவளக்கல் துகளும் கலந்தே கிடக்கின்றன. பிஎச் சாதாரணமாக 8-ஐத் தொடும். நீலம் வர வாய்ப்பே இல்லை.

ஆனால் அலுமினியத்தை அடைத்து வைக்கும் அதே சுண்ணாம்பு இரும்புச் சத்தையும் அடைத்துவிடும். புதுத் துளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் நின்றால் அதுதான் அடையாளம். அப்புறம் உப்பு. கொடைக்கானலிலிருந்து தொட்டியோடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார் என் மதினி. போர் தண்ணீர்தான் ஊற்றினார்கள். கொஞ்ச நாளிலேயே தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு படிவு. இலையின் ஓரம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டதுபோல் பழுப்பு, அது உள்ளே உள்ளே நகர்ந்தது. மத்தியானம் ஆனால் இலைகள் துவண்டு தொங்கும், சாயங்காலம் நிமிரும். "தண்ணி பத்தலையோ தம்பி?" என்று கேட்டு இன்னும் ஊற்றினார். அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றினால் என்ன ஆகும்? உப்புதான் ஏறும்.

இதையெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம் என்று வையுங்கள். செம்மண், மட்கு போட்ட பெரிய தொட்டி, மழைத்தண்ணீர், நிழல்வலை என்று ஏற்பாடு செய்கிறீர்கள். செடி பிழைக்கும். பூக்காது. ஜப்பானைப் பூர்வீகமாகக் கொண்ட பெரிய இலை ஹைட்ராஞ்சியா, பூ மொட்டை உருவாக்க 18 டிகிரிக்குக் கீழே ஆறு முதல் எட்டு வாரமாவது குளிரைப் பார்க்க வேண்டும். நம் கடலோரத்தில் மார்கழி விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. வாங்கும்போது இருக்கும் பூ, மலையில் வாங்கிய குளிரின் பூ. அது உதிர்ந்த பிறகு பச்சை இலைதான்.

அப்படியானால் தாங்கும் ரகம் என்கிறார்களே, அது? மேல்நாட்டில் அந்தப் பெயரோடு விற்பவை பெரும்பாலும் பானிகுலேட்டா, ஆர்போரசென்ஸ் என்ற வேறு இரண்டு இனங்கள். அவை அந்த வருடத்துக் கிளையிலேயே பூப்பவை. பனி வந்து பழைய கிளையைக் கருக்கினாலும் பூவுக்குக் குறைவில்லை என்பதால்தான் அந்த நல்ல பெயர். உறைபனியைத் தாங்கும் என்றுதான் சான்றிதழ், உச்சிப்புளி வெயிலைத் தாங்கும் என்று இல்லை. பானிகுலேட்டா வெள்ளையாகப் பூத்து, கோடை முடிந்து இரவு குளிரும்போதுதான் இளஞ்சிவப்பாக மாறும். இரவும் புழுங்கும் ஊரில் வெள்ளையிலிருந்து நேராகப் பழுப்புக்குப் போய்விடும். ஆகவே விளம்பரத்தில் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் நம் பக்கத்துக்கு மூன்றுமே ஒன்றுதான்.

இனி காகிதப்பூ. 'அதுவா, அது ரோட்டோரச் செடியாச்சே' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சாலையோரத்தில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பூக்கிற செடி என்பதுதான் அதற்குப் பெரிய தகுதி. பிரேசிலில் இருந்து வந்தது. உப்புக்காற்று, சுடுமணல், கொஞ்சம் உவர்ப்பான தண்ணீர் எதற்கும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. ஹைட்ராஞ்சியாவைக் கொல்கிற வறட்சிதான் இதைப் பூக்க வைக்கும். தினமும் ஊற்றினால் கொடி கொடியாக இலைவிட்டுக்கொண்டு போகும். இலை லேசாக வாடுவது தெரிந்த பிறகு வேர் நனைய ஒரு தடவை ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். யூரியா பக்கமே போக வேண்டாம். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனியைக் கவாத்து செய்தால் புதுக் கிளை நுனிகளில் அடுத்த சுற்று வரும். தை முதல் ஆனி வரை நம் பக்கத்தில் அதற்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை மட்டும்தான், அதைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு ஒற்றுமை பலர் கவனிப்பதில்லை. ஹைட்ராஞ்சியாவில் நாம் இதழ் என்று ரசிப்பது உண்மையில் புல்லிதழ். காகிதப்பூவில் நிறமாகத் தெரிவதோ இலையின் மாறிய வடிவம்; நடுவில் குச்சி குச்சியாக நிற்கும் மூன்று சின்ன வெள்ளைப் பூக்கள்தான் நிஜப் பூ. அதனால்தான் இரண்டிலும் நிறம் வாரக்கணக்கில் நிற்கிறது. பந்து வடிவம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அடுக்குக் காகிதப்பூவைக் கேட்டு வாங்குங்கள். மகாரா, லாஸ் பானோஸ் பியூட்டி போன்ற ரகங்கள் கொத்துக் கொத்தாக அடர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் ஹைட்ராஞ்சியா என்றே ஏமாற்றும். மகாரா கொஞ்சம் கருஞ்சிவப்பு. மற்றது மெல்லிய இளஞ்சிவப்பு. ஒரு குறை: ஒற்றை ரகம்போல் இது தானாக உதிராது, காய்ந்த கொத்து செடியிலேயே பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் கிள்ள வேண்டும், முள் வேறு. நடும்போது வேர்மண் உடையாமல் வைப்பதும் முக்கியம். அப்புறம் ஆடு. நம் தெருவில் ஆடு இல்லாத தெரு எது? காகிதப்பூத் துளிர் அவற்றுக்கு விருந்து. ஆள் உயரம் ஏறும்வரை வேலி வேண்டும்.

ஆடுதான் பிரச்சினை என்றால் அரளி. ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். இளஞ்சிவப்பு அரளி உப்புக்கும் காற்றுக்கும் காகிதப்பூவைவிட ஒரு படி மேல். ஆடி மாதத்துக் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும்போதும் நிற்கும், பூஜைக்கும் ஆகும். ஆனால் இலை, பட்டை, பூ எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெட்டிப் போட்ட கிளையைக் கால்நடை கடிக்கலாம், எரித்தால் புகையும் ஆகாது. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

உருவத்தில் ஹைட்ராஞ்சியாவுக்கு மிக அருகில் வருவது இளஞ்சிவப்பு இட்லிப்பூ. நர்சரியில் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். இது நம் நாட்டுச் செடிதானே என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இதுவும் புளிப்பு மண்தான் கேட்கும். சுண்ணாம்பு மணலில் ஹைட்ராஞ்சியாவுக்கு வந்த அதே மஞ்சள் துளிர் இதற்கும் வரும். கடலிலிருந்து தள்ளி, நல்ல தண்ணீரும் செம்மண்ணும் உள்ள வீட்டில் தாராளமாக வைக்கலாம். குளிர் கேட்காது என்பதால் வருடம் முழுக்கப் பூக்கும். கடற்கரையை ஒட்டி என்றால் தொட்டியில் மட்டும், இரும்புச் சத்து அவ்வப்போது கொடுத்து.

பாலைவன ரோஜா என்கிற அடீனியம் தொட்டிக்கு அழகு. அதன் எதிரி நம் வடகிழக்குப் பருவமழை. மழைக்காலத்தில் கூரைக்குக் கீழே இழுத்து வைக்காவிட்டால் அடித்தண்டு அழுகிப்போகும்.

காசே செலவில்லாமல் இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் நித்தியகல்யாணி. மடகாஸ்கரில் இருந்து வந்த செடி, கல்லிடுக்கில்கூட விதை விழுந்து முளைக்கும். ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் இதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்காக வீட்டில் கஷாயம் வைத்துவிடாதீர்கள், நஞ்சு. ஆடும் தொடாது. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. காகிதப்பூவின் அடியில் காலியாகக் கிடக்கும் மணலை இது நிரப்பும். வீட்டுக்கு முன்னால் வெறும் மணல்மேடு என்றால் அடப்பங்கொடியே போதும். அதுவும் இளஞ்சிவப்புதான், நடவே வேண்டியதில்லை, பிடுங்காமல் விட்டால் சரி.

இவ்வளவு சொல்லியும் ஹைட்ராஞ்சியாதான் வேண்டும் என்பவருக்கு ஒரு வழி உண்டு. பூத்திருக்கும் தொட்டியாகவே வாங்குங்கள், ஆனால் மலையில் சீசன் என்று சித்திரை, வைகாசியில் வாங்கி நம் வெயிலில் இறக்காதீர்கள். மார்கழி, தையில் கிடைத்தால் நல்லது. காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரத்தில் வைத்து, பிடித்து வைத்த மழைத்தண்ணீரை ஊற்றுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது, அதில் உப்பு இன்னும் அதிகம். சில வாரம் வீடு அழகாக இருக்கும். பூ முடிந்ததும் மலைப்பக்கம் போகிற உறவினர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்பிவிடுங்கள், அங்கே அடுத்த வருடமும் பூக்கும், நீலமாக.