ஊட்டிப் பாட்டியின் சாக்லேட் ஃபட்ஜ்: சென்னை அடுப்பில் பல வருஷ அனுபவம்

எங்கள் பாட்டியின் நோட்டில் இந்த ஃபட்ஜுக்கு நான்கே வரிதான். சர்க்கரை இரண்டு டம்ளர், பால் ஒரு டம்ளர், கோகோ அரை டம்ளர், வெண்ணெய் எலுமிச்சை அளவில் இரண்டு. "அதிரசப் பாகு மாதிரி தண்ணியில் உருட்ட வரணும். கை பொறுக்கிற சூடு வந்ததும் அடி." அவ்வளவே. எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி என்று ஒரு எண்கூட இல்லை. ஊட்டியிலும் சென்னையிலும் பல வருஷமாக இதைக் கிண்டிவிட்டுச் சொல்கிறேன்: எண் இல்லாததுதான் இந்தக் குறிப்பின் பெரிய பலம்.

ஃபட்ஜ் செய்யக் கற்றுத்தரும் புத்தகங்கள் எல்லாம் பாகு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரவேண்டும் என்கின்றன. கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு அது சரி. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். பாகின் பதத்தைத் தீர்மானிப்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான். அதனால் கொதிநிலை இறங்கும் அளவுக்குப் பதத்தின் சூடும் இறங்கும். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது ஊட்டி வீட்டில் 106, 107லேயே கிண்ணத்துத் தண்ணீரில் மெத்தென்று உருண்டை வந்தது. சென்னையில் அதே உருண்டை 114ல் வருகிறது. ஊட்டியில் 114 வரை காத்திருந்தால் பாகு முற்றி, துண்டு போடும்போதே உடையும். உருண்டைச் சோதனைக்கு மலையும் கடற்கரையும் ஒன்றுதான். தெர்மாமீட்டர் இருப்பவர்கள் 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

பாட்டியின் டம்ளரை எடை போட்டால் சர்க்கரை 350 கிராம், பால் 200 மில்லி, கோகோ 40 கிராமுக்குச் சற்று மேல், வெண்ணெய் 60 கிராம் வருகிறது. அரை கிலோ ஃபட்ஜ் கிடைக்கும். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு மிகப் பழையது. 1880களில் அமெரிக்காவின் வாசர் கல்லூரி மாணவிகள் இந்த இனிப்பைப் பிரபலமாக்கினார்கள். 1888ல் ஒரு மாணவி 30 பவுண்டு ஃபட்ஜ் செய்து கல்லூரி ஏலத்துக்குக் கொடுத்திருக்கிறார். அவர்களுடைய குறிப்பிலும் சர்க்கரை இரண்டு கப், கிரீம் ஒரு கப். கிரீமுக்குப் பதில் நம் பால் என்பதால் கொழுப்புள்ள பாலாகப் பாருங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6. ஆரஞ்சில் செய்தால் வாயில் கரைவது நன்றாகவே தெரிகிறது.

கோகோவைச் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்த பிறகே பாலை ஊற்றவேண்டும். இல்லையென்றால் கட்டி தட்டும். பால் பொங்கி எழும் என்பதால் பாத்திரம் பெரிதாக, அடி கனமாக இருக்கட்டும். சர்க்கரை முழுக்கக் கரையும் வரை கிளறலாம். கொதி வந்ததும் நிறுத்திவிடவேண்டும். "கையை எடும்மா, அது பாட்டுக்கு வேகட்டும்" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் துணியால் துடைத்து விடுவதும் அவர் பழக்கம். அதில் ஒரு பரல் பாகுக்குள் விழுந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் பெரிய பெரிய படிகமாகக் கட்டி, ஃபட்ஜ் நாக்கில் மணலாக நெருடும்.

அடுப்பை விட்டு இறக்கியதும் வெண்ணெயை மேலே போட்டு அப்படியே விட்டுவிடவேண்டும். ஆட்டக்கூடாது, தொடக்கூடாது. பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியவேண்டும். அது சுமார் 45 டிகிரி. அதற்கு முன்பே அடித்தால் படிகங்கள் பெரிதாகும். அந்தச் சூட்டில் அடித்தால் கணக்கில்லாத நுண்படிகங்கள் ஒரே நேரத்தில் உண்டாகி, வழவழவென்று அமையும். மரக்கரண்டியால் கால் மணி நேரம்வரை அடிக்கவேண்டியிருக்கும். தோள் வலிக்கும், உண்மைதான். ஆனால் கரண்டி கனத்து, பாகின் பளபளப்பு சட்டென்று மங்கும் அந்தக் கணம் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. மங்கியவுடன் நெய் தடவிய தட்டில் கொட்டிவிடுங்கள். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் பாத்திரத்திலேயே இறுகும். அப்படி இறுகினாலும், மணல்போல் வந்தாலும், கொஞ்சம் பால் ஊற்றிக் கரைத்து மறுபடி பதத்துக்குக் கொண்டுவரலாம்; பொருள் வீணாகாது.

கண்டென்ஸ்டு மில்க்கும் சாக்லேட்டும் உருக்கிப் பத்து நிமிஷத்தில் செய்வதையும் பலமுறை செய்து பார்த்துவிட்டேன். குழந்தைகள் கூடச் சேர்ந்து செய்ய அது சுலபம். அதில் சர்க்கரை படிகமாவதில்லை, சாக்லேட் உறைந்துதான் இறுகுகிறது. அதனால் மெதுமெதுப்பாக, பல்லில் ஒட்டுவதாகவே இருக்கும். கடித்ததும் பொடிந்து, பிறகு கரையும் அந்த ருசி பாட்டி முறையில்தான் கிடைக்கிறது. லிக்விட் குளுக்கோஸ் ஒரு ஸ்பூன் சேர்த்தால் மணல் தட்டுவது குறையும். பாகைச் சரியாகக் கவனிப்பவருக்கு அது தேவையில்லை. அதிகமானால் ஃபட்ஜ் இறுகாமலே போகும்.

சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கவனம் வேண்டும். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுப்பதால் துண்டுகள் பிசுபிசுக்கும். அப்போது உருண்டை கொஞ்சம் கெட்டியாக வரும்வரை, ஒரு டிகிரி கூடுதலாக விடுகிறேன். வறுத்த முந்திரியோ வால்நட்டோ சேர்ப்பதானால் பளபளப்பு மங்கப்போகும் கடைசி நேரத்தில்தான் போடவேண்டும். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வைத்தால் பத்து நாள் வெளியிலேயே நன்றாக இருக்கிறது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்; வெளியே எடுத்ததும் மேலெல்லாம் வியர்த்துவிடும்.